அக்காவின் வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் மூக்கம்மா. சான்றிதழ்களில் வேறு ஏதோ அழகான பெயர் இருக்கத்தான் செய்கிறது. புதிதாக வந்த யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைத் தேடுகிறார்களோ பாவம் என்று அவளும் சேர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பாள்.

பட்டம் வந்த கதை பெரிய ரகசியமில்லை. கிருமி வளர்ப்பதற்கென்று உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட வட்டத் தட்டுகள் உண்டு. கடற்பாசிக் கூழைக் காய்ச்சி அவற்றில் ஊற்றி ஆறவைப்பது அவள் வேலை. நோயாளியிடமிருந்து எடுத்து வந்ததை அதன்மேல் கோடு கோடாக இழுத்து, சூட்டுப் பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்ப்பதும் அவள் வேலைதான். அந்தக் காலத்தில் பார்ப்பது என்றால் முகர்வதும் சேர்த்தி. ஒரு கிருமி திராட்சை வாசம் அடிக்கும். ஒன்று எலிவளை. ஒன்று மழை விழுந்த மண். மூடியை லேசாகத் தூக்கி, மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு அவள் தீர்ப்புச் சொல்லும்போது அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பாதி நாள் தீர்ப்பு சரியாக இருக்கும். மீதி நாள் அவளுக்குச் சளி பிடித்திருக்கும்.

பிறகு சட்டம் வந்தது. முகர்ந்த கிருமி மூக்கு வழியாகவே உள்ளே இறங்கி ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும் என்று மேலே இருப்பவர்கள் விழித்துக்கொண்டார்கள். ‘தட்டுகளை முகரக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டினார்கள். அத்தனை சுவர் இருக்க, அதைத் தன் மேசைக்கு நேர் எதிரே ஒட்டியதை மூக்கம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டில் அவளுக்கு இந்தப் பட்டமெல்லாம் கிடையாது. வெறும் ‘ஏய்’தான். அப்படிக் கூப்பிடும் உரிமை அக்கா ஒருத்திக்கு மட்டும் இருந்தது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப் பேராவது அவளிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை மிதித்து மிதித்து அது அவளுக்கு உடம்போடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. வீட்டில் தங்கை பேச்சு கொஞ்சம் எல்லை மீறினாலும் வலது காலைத் தரையில் அழுத்துவாள். “பிரேக் போட்டுட்டேன். நிறுத்து!” அதற்குமேல் வாதாடிப் பயனில்லை. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே அவள் திரும்பி வந்துவிட்டாள். “ரிவர்ஸ் எனக்கு நல்லா வரும்” என்று சொன்னதோடு சரி, ஏன் எதற்கு என்று யாரும் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. தங்கைக்கு வந்த இடங்கள் ஒன்றும் தேறவில்லை. ஆக, ஒரே கட்டிலில் ஒருத்தியை ஒருத்தி உதைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு சிறுமிகள், தலை நரைத்த பிறகும் இரண்டு அறை வீடு ஒன்றில், ஒரே சீப்பு, ஒரே சோப்பு, ஒரே தண்ணீர்ப் பாட்டில் என்று காலம் தள்ளினார்கள்.

சின்ன வயதில் இருவருக்கும் சேர்த்து ஒரு மிட்டாய்தான் கிடைக்கும். அக்கா அதைத் தன் கவுன் நுனியில் சுற்றி, காக்காக்கடி கடித்து, ஒரு துண்டை நீட்டுவாள். “துணி வச்சுக் கடிச்சா எச்சில் இல்லடீ.” சொன்ன கையோடு பெரிய துண்டு அவள் வாய்க்குள் போய்விடும். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் தங்கை அதற்குப் பழி வாங்கப் பார்த்தாள்.

“அந்தத் துணியெல்லாம் கிருமிக்கு ஒரு தடையே இல்லக்கா. உன் எச்சில் அத்தனையும் நான் தின்னுருக்கேன்.”

அக்கா அசரவில்லை. “தின்னுட்டு நல்லாத்தானே இருக்கே? போடீ!”

நாள் முழுக்கக் கிருமியோடு கிடந்துவிட்டு வருகிறவளுக்கு மாலையில் சாப்பாடு இறங்காது. அது அக்காவுக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். “சாப்பிட்டியாடீ?” இப்போதுதானே வருகிறாள், எங்கே சாப்பிட்டிருக்கப் போகிறாள்! ஆனாலும் கேள்வி அதுதான். கீரையும் பருப்பும் காய்கறியுமாகத் தட்டை நிரப்பி வைத்துவிட்டு, அது காலியாகும் வரை எதிர் நாற்காலியை விட்டு நகர மாட்டாள். அன்று யார் எந்தச் சுவரில் மோதினார்கள், யார் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் அழுதார்கள் என்ற கதையெல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். சிரித்துச் சிரித்து மூக்கம்மாவுக்குப் புரையேறும்.

வயிறு உப்ப ஆரம்பித்தபோது அக்காவே அதற்கு ஒரு பெயர் வைத்தாள்: வாயு. “நாள் பூரா கார்லயே உக்காந்திருந்தா வேற என்ன வரும்?” என்றாள். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிட்டது. சீட் பெல்ட் இறுக்கியது. பாடத்தின் நடுவே அடிக்கடி பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனாள். கடையில் வாங்கிய மாத்திரைகளையே மாதக்கணக்கில் விழுங்கினாள். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கும் மூக்கம்மாவும் வாயு என்றே நம்பினாள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் சினைப்பையில் புற்று என்று தெரிந்தது. வயிற்றுக்குள் பரவவும் தொடங்கியிருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு பெரிய டாக்டரம்மா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். அவர் கிருமிகளை ஆராய்கிறவர், மூக்கம்மாவின் மேலதிகாரி.

“நம்ம குடல்ல, கர்ப்பப்பை வாயில எல்லாம் கோடிக்கணக்கான கிருமிங்க குடியிருக்கும்மா. பெரும்பாலும் நல்லதுங்கதான். இந்த நோய் வந்தவங்களுக்கு அந்தக் கூட்டம் வேற மாதிரி இருக்கறதாத் தெரியுது. நோய் வந்ததால கூட்டம் மாறிச்சா, கூட்டம் மாறினதால நோய்க்கு வழி கிடைச்சுதா, மருந்து வேலை செய்யறதுல அதுங்களுக்கு ஏதாவது பங்கு இருக்கா, ஒண்ணும் இன்னும் உறுதியாத் தெரியாது. அதான் உங்ககிட்ட மாதிரி கேக்கறோம்.”

மாதிரி என்றால் என்ன என்று விவரமாகக் கேட்டுக்கொண்ட அக்கா, மலமும் அதில் சேர்த்தி என்றதும் வாய்விட்டுச் சிரித்தாள். “குடித்தனக்காரங்கள விசாரிக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேக்கறீங்க. நியாயம்தான்.” கையெழுத்துப் போட்டாள்.

கூடவே வசிக்கும் உறவுப் பெண்களும் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்றார்கள். மூக்கம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

“தினம் கூட உக்காந்து டீ குடிக்கிற ஆளுங்கக்கா. அவங்க கையில என் மலத்தக் குடுத்துட்டு மறுநாள் எப்படி மூஞ்சியப் பாக்கறது?”

“அடி என் மகாராணி! அடுத்தவங்களது எல்லாம் வருஷக்கணக்கா நீ கிண்டலாம், உன்னத மட்டும் யாரும் தொடக் கூடாதா?”

“கூடாது.”

அக்கா காலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். அன்று மட்டும் பிரேக் பிடிக்கவில்லை.

மாதிரிகளின்மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று ஆய்வு செய்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் அக்காவின் குப்பிக்கு எண் ஒட்டிய கை மூக்கம்மாவுடையது. தெரிந்ததைத் தெரியாததாக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மருந்து அக்காவுக்கு நன்றாகவே கேட்டது. டாக்டர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகக் காலம் கிடைத்தது. முடி உதிர்ந்த தலையில் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு மறுபடி பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்து, மறுபடி எல்லாரையும் திட்டினாள். மூக்கம்மா வாழ்ந்ததிலேயே நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வாள், நோய்க்கும் நோய்க்கும் நடுவில் இருந்த அந்தச் சில வருடங்களை. பிறகு அது திரும்பி வந்தது. அக்கா போய்விட்டாள்.

அதன்பிறகு செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து குரல் எதுவும் வரவில்லை. அடுப்படித் தொட்டியருகே நின்றபடியே ரொட்டித் துண்டு ஒன்றை டீயில் நனைத்து விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவாள். சில நாள் அதுவும் இல்லை. மேசை நாற்காலிப் பக்கமே அவள் போவதில்லை.

ஆனால் ஆய்வுக்கூடத்தின் கடைசி அறையில், பேரிரைச்சலோடு ஓடும் பெரிய உறைபெட்டிக்குள் அக்காவின் குப்பி இருந்தது. அந்த அளவுக் குளிரில் கிருமிகள் சாவதில்லை, தூங்கும். வேலை நடுவே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மூக்கம்மா அங்கே போவாள். பெட்டிக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பாள். உள்ளே அக்கா இல்லை என்று தெரியாத அளவுக்கு அவள் அசடு அல்ல. வீட்டுக்காரி போய்விட்டாள், குடித்தனக்காரர்களாவது இருக்கிறார்களே என்று ஒரு ஆறுதல்.

ஒருநாள் டாக்டரம்மா ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டதும் மூக்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அது அக்காவின் எண்.

“மருந்து நல்லாக் கேட்டவங்கள்ல சில பேருக்கு ஒரு குடல் கிருமி நிறைய இருக்கு. இந்த நம்பர்ல ரொம்பவே. அதனாலதான் மருந்து கேட்டுச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா உயிரோட கையில இருந்தா சோதிச்சுப் பாக்கலாம். ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். பாத்து எழுப்புங்க. காத்துப் பட்டாச் செத்துப்போற ரகம்.”

காற்று ஆகாத கிருமிகளுக்கென்று அங்கே ஒரு பிளாஸ்டிக் கூடாரம் இருக்கிறது. உள்ளே பிராணவாயு கிடையாது. பக்கவாட்டில் பொருத்திய நீளக் கையுறைகளுக்குள் கையை நுழைத்துக்கொண்டு வெளியே இருந்தபடி வேலை செய்ய வேண்டும். மூக்கம்மா குப்பியில் உறைந்திருந்ததை உருக்கி இரண்டு தட்டுகளில் இழுத்தாள். ஒன்றில் எதுவும் வரவில்லை. மற்றதில், சில நாள் கழித்து, குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள் எழும்பின. அவற்றிலிருந்து புதுக் குப்பிகளுக்கு எடுத்து உறைய வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அவள் பழக்கப்பட்ட வேலைதான்.

அதைச் செய்யவில்லை. தட்டைக் கூடாரத்திலிருந்து வெளியே எடுத்துத் தன் மேசைக்குக் கொண்டுவந்தாள். எதிர்ச் சுவரில் அந்த அறிவிப்பு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கி முகர்ந்தாள்.

அக்காவின் வாசனை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாளா? அவளுக்கே தெரியாது. வந்தது கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். வாயு, வாயு என்று அக்கா புலம்பியது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. மூடியை ஒரு கையிலும் தட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, கவுன் நுனி, மிட்டாய், தொப்பி, நாற்காலி என்று எங்கெங்கோ போய்விட்டாள். சுயநினைவு வந்தபோது தட்டின் கூழ் ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது.

அவசர அவசரமாகக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் அத்தனை புள்ளியையும் புதுக் குப்பிகளில் போட்டாள். ஒன்றிலும் வளரவில்லை. பழைய தட்டிலிருந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். அதிலும் இல்லை. நோய் கொல்லாமல் விட்டதை நான் மூக்கை நீட்டிக் கொன்றுவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டாள். நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

“வளரல டாக்டர். நான்தான் கெடுத்துட்டேன். வெளிய எடுத்து மூடியத் திறந்துட்டேன்.”

“திறந்தீங்களா? எதுக்கு?”

“மோந்து பாக்க.”

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. “நேத்து வேலைக்கு வந்தவங்ககூட இதைச் செய்ய மாட்டாங்க, மூக்கம்மா! கடைசிக் குப்பின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“அது எங்க அக்காவோடது டாக்டர்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் அதோடு போய்விடவில்லை. “அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும். உங்க கையில இந்தத் தட்டக் குடுத்தே இருக்க மாட்டேன்” என்றார். நியாயமான பேச்சு. மூக்கம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வேலை போனால்கூடப் பரவாயில்லை, அந்தக் குப்பி திரும்பி வராதே என்பதுதான் அவளைத் தின்றது.

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார். “எத்தனை வருஷம் ஒண்ணா இருந்தீங்க?”

“அவ கல்யாணம் பண்ணிப் போன கொஞ்ச நாளத் தவிர, ஆயுசு பூரா.”

“ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்குள்ள இதுங்க கைமாறும். சிலது வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். அக்காகிட்ட இருந்த கிருமியோட மரபணு விவரம் மொத்தமும் கம்ப்யூட்டர்ல இருக்கு, ஒப்பிட்டுப் பாத்துடலாம். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நீங்க மனசு வச்சா...”

மூக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. காது மடல் சுட்டது.

“என்னதா டாக்டர்?”

“உங்களதுதான். இந்தத் தடவ தட்டு எதையும் நீங்க தொடக் கூடாது. நானே பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை, சாப்பாட்டுப் பையில் அந்தச் சின்ன டப்பாவை வைத்து எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாக நடந்தாள். உறைபெட்டி அறையைப் பார்த்துக்கொள்பவர், வாய் சும்மா இருக்காத மனுஷர், எதிரே வந்து தொலைத்தார்.

“என்ன மூக்கம்மா, சாப்பாடா?”

“ஆமா. நேத்து சாப்பிட்டது.”

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பு கட்டடம் முழுக்கக் கேட்டது. இத்தனை வருடமாகப் பயந்த கேலி இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இதைக் கேட்க அக்கா இல்லையே என்றும் இருந்தது.

முதல் சுற்றில் எதுவும் வளரவில்லை. இரண்டாவது டப்பாவும் கொடுத்தாள். வாரங்கள் போயின. கூடார அறையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். உறைபெட்டிப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள். அங்கே அவளுக்கென்று இனி எதுவும் இல்லை.

ஒரு மதியம் டாக்டரம்மா கூப்பிட்டார். கூடாரத்துக்குள் ஒரு தட்டு. அதில் வெள்ளைப் புள்ளிகள், மிகச் சில.

“ஒப்பிட்டுப் பாத்தாச்சு. அதே ரகம் மட்டும் இல்ல மூக்கம்மா, அதே கிளையே. உங்க அக்காகிட்ட இருந்ததும் இதுவும் ஒண்ணு.”

மூக்கம்மா பிளாஸ்டிக்கின்மேல் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள். காக்காக்கடியில் வந்ததா, தண்ணீர்ப் பாட்டிலில் வந்ததா, எதிர் நாற்காலியிலிருந்து வந்ததா! இவள் குளிர்ந்த இரும்புக் கதவைத் தொட்டுக்கொண்டு நின்ற நாளெல்லாம் அது இவள் வயிற்றிலேயே குடியிருந்திருக்கிறது. மூக்கு என்னவோ பழக்கத்தில் விடைத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஆனா ரொம்பக் கொஞ்சமா இருக்கு” என்றார் டாக்டரம்மா. “தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இது காய்கறி, கீரை, பருப்புல இருக்கற நாரைத் தின்னு வாழற ஜாதி. நீங்க சரியாச் சாப்பிடறதில்லையா?”

மூக்கம்மா பிளாஸ்டிக்கில் தன் நெற்றி பட்ட இடத்தைத் துடைத்துவிட்டாள்.

“குப்பிகள் நிரப்பி வச்சாச்சு, ஆராய்ச்சிக்கு இனி கவலையில்ல. உள்ள மிச்சம் இருக்கறதப் பட்டினி போட்டுடாதீங்க” என்று பாதி விளையாட்டாகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அன்று சாயந்திரம் மூக்கம்மா கீரையும் காய்கறியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். பருப்பு வேகவைத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அக்கா இருந்தால் அதற்கும் ஒரு பாட்டு விழுந்திருக்கும். மேசைமேல் படிந்திருந்த தூசியைத் துடைத்து, தட்டை வைத்து, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

தட்டு காலியானதும் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“சாப்பிட்டியாக்கா?”